மலையேறும் முன் மனம்விட்டுப் பேசுவோம்!



நம் ஆண்டு மலரில் வருடாவருடம் தன்னம்பிக்கை பற்றியும் நட்பு பற்றியும் கட்டுரைகள் வருகின்றன. நான் அந்த இரண்டும் சந்திக்கும் ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். பத்து இருபது பேர் சேர்ந்து மலையேறப் போகும் முன்பு தங்களுக்குள் என்ன பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே அது. 'இதுல பேச என்னடா இருக்கு? பையைத் தூக்கு, பஸ்ஸைப் பிடி, ஏறு!' என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

'ஜாலியா போயிட்டு வரலாம்'

நம் பயணங்கள் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன. ஆனால் 'ஜாலி' என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருக்கிறது. ஒருவனுக்கு எல்லோருக்கும் முன்னால் உச்சியைத் தொடுவது ஜாலி. இன்னொருவனுக்கு வழிநெடுக நின்று போட்டோ எடுப்பது ஜாலி. மூன்றாமவன் பையில் பாட்டில் வைத்திருப்பான். நான்காமவனோ பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்து, எல்லோருடனும் சேர்ந்து சாப்பிட்டாலே போதும் என்று வந்திருப்பான். நான்கு பேரும் ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஒருவன் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் முன்னே இருப்பான், ஒருவன் பின்னே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான், யாரிடமும் தண்ணீர் இருக்காது. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கிளம்பும் முன் பேசவில்லை, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் குழுவில் 'ஞாயிறு செஞ்சி, யார் யார் வர்றீங்க?' என்று போட்டு, இருபது கட்டைவிரல் வந்துவிட்டால் சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறோம். கட்டைவிரல் 'வருகிறேன்' என்று மட்டும்தான் சொல்லும். 'எதற்குத் தயாராக வருகிறேன்' என்பதை அது சொல்லாது.

குரங்கணியை மறக்க வேண்டாம்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் அருகே உள்ளது குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்து வந்த ஒரு குழுவும் அந்த மலைப்பகுதியில் இருந்தன. கோடையில் காய்ந்து கிடந்த புல்லில் காட்டுத்தீ பரவி அவர்களைச் சூழ்ந்தது. அன்றும், அதற்குப் பின் வந்த நாட்களில் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் நம் அண்ணன், அக்கா வயதுக்காரர்கள்.

இறந்தவர்கள் மீது குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. தீயைப் பேச்சால் அணைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மலைச்சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பதறி மேலே ஓடுகிறவனை அது துரத்திப் பிடிக்கும். அந்த நொடியில் நிற்பதா, ஓடுவதா, எந்தப் பக்கம் ஓடுவது, யார் சொல்வதைக் கேட்பது என்று கூட்டம் போட்டுப் பேச முடியுமா? அதைக் கீழேயே, அடிவாரத்துக்கும் முன்பே, நம் சைக்கிள் ஸ்டாண்டிலேயே பேசியிருக்க வேண்டும்.

குரங்கணிக்குப் பிறகு அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அதே 2018-இல் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்தார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் போக வேண்டும். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம் என்று பாதைகளை மூடியும் வைத்தார்கள். அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கம் செய்கிறது. குழுவுக்குள் நாம் செய்ய வேண்டியதை யார் செய்வது?

கரும்பு வெட்டும் கும்பலிடம் கற்றது

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். என் அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்துப் பதினைந்து பேராகக் கிளம்புவார்கள். கொல்லையில் கால் வைத்ததும் யாரும் கத்தியை எடுத்துவிட மாட்டார்கள். மேஸ்திரி எல்லோரையும் வரப்பில் உட்கார வைப்பார். யார் வெட்டுவது, யார் சோகை கழிப்பது, யார் கட்டுக் கட்டுவது, லாரி வந்தால் யார் ஏற்றுவது, கூலியை எப்படிப் பிரிப்பது, யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகுதான் முதல் வெட்டு விழும்.

'ஏன்ப்பா, தினமும் செய்யற வேலைதானே, இன்னாத்துக்குப் பேச்சு?' என்று ஒருமுறை கேட்டேன். 'வேலை தினமும் செய்யறதுதான்டா. ஆளுங்க தினமும் ஒரே மாதிரி இருப்பாங்களா?' என்றார். பள்ளிக்கூடமே போகாதவர் சொன்ன பதில் இது. நாம் சிவில் படிக்கிறவர்கள், சர்வே கேம்ப்பில் ஸ்டாஃப் யார் பிடிப்பது, கருவியை யார் பார்ப்பது, புக்கிங் யார் எழுதுவது என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொடங்குகிறோம். மலைக்குப் போகும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

என்னென்ன பேச வேண்டும்?

திருக்குறளில் 'தெரிந்துசெயல்வகை' 47-ஆவது அதிகாரம். அதை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் வரிசையாக வருகின்றன. அரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் சொன்னது என்று தமிழாசிரியர்கள் விளக்கம் சொல்வார்கள். மலைக்குப் போகிறவர்களும் அதே வரிசையைப் பிடித்துக்கொள்ளலாம். நம் ஊர்ச் செஞ்சிக்கோட்டையை உதாரணமாக வைத்தே சொல்கிறேன்.

1. வலி. அதாவது, அவரவர் உடம்பின் பலம். வீசிங், வலிப்பு, மூட்டு வலி, சமீபத்தில் வந்த காய்ச்சல் எதுவானாலும் ஒருவரிடமாவது முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் சொல்லத் தேவையில்லை. மாணவர்களில் ஒருவரும் மாணவிகளில் ஒருவரும் இதற்கென்று பொறுப்பு ஏற்கட்டும். கேட்டதை அவர்கள் வெளியே சொல்லக் கூடாது. யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் நடத்தும் இமயமலைப் பயணங்களுக்கு மருத்துவச் சான்று கேட்கிறார்கள். நமக்குச் சான்று வேண்டாம், உண்மையைச் சொன்னால் போதும்.

2. காலம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ராஜகிரி சுமார் 800 அடி, அதாவது ஏறத்தாழ 240 மீட்டர். நடைதூரம் 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நடைக்கு 24 நிமிடம், ஏற்றத்துக்கு 24 நிமிடம், மொத்தம் 48 நிமிடம். ஆனால் இது பழக்கப்பட்டவர்களுக்கான, குளிர்நாட்டுக் கணக்கு. ஆர்.சி.சி. டிசைனில் சுமையை 1.5-ஆல் பெருக்குகிறோம் அல்லவா? அதுபோல நம் வெயிலுக்கும், புதியவர்களுக்கும் சேர்த்து இதை இரண்டால் பெருக்குங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்துவிடும்.

ஏறும் நேரத்தைவிட முக்கியமானது திரும்பும் நேரம். 1996 மே 10, 11 தேதிகளில் எவரெஸ்டில் புயலில் சிக்கி 8 பேர் இறந்தார்கள். மதியம் 2 மணி தாண்டிய பிறகும் பலர் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். உலகப் புகழ்பெற்ற வழிகாட்டிகளும் அதில் இறந்தார்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது 'திரும்பலாம்' என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆகவே 'எங்கே இருந்தாலும் சரி, இத்தனை மணிக்குத் திரும்புகிறோம்' என்பதைக் கீழேயே முடிவு செய்து, எல்லோரும் அதை வாயால் சொல்லிவிட வேண்டும்.

3. இடம். காடு என்றால் வனத்துறை அனுமதி. கோட்டை என்றால் தொல்லியல் துறையின் டிக்கெட்டும் நேரமும். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகை போட்டும் எளிதில் பிடிக்க முடியாத கோட்டை அது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆகிவிட்டது. அங்கே போய்ச் சுவரில் அம்பு விட்ட இதயமும் பேரும் கிறுக்கினால், சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். குரங்குகள் ஏராளம், கையில் பாலித்தீன் பை தெரிந்தால் அவ்வளவுதான். மேலே தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ சுமை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

4. வேலைப்பங்கு. முன்னே போகிறவர் ஒருவர், கடைசி ஆள் ஒருவர். இந்த இருவருக்கும் நடுவில்தான் மற்ற எல்லோரும். நல்ல பலம் உள்ளவனைக் கடைசி ஆளாகப் போடுங்கள். மெதுவாக நடப்பவரை முன்வரிசையில் விடுங்கள், மற்றவர்கள் அவர் வேகத்துக்கு வரட்டும். ஒருவர் முதலுதவிப் பை, ஒருவர் கணக்கு, ஒருவர் தலை எண்ணுவது. ஒவ்வொரு வாசலிலும் எண்ண வேண்டும். யாரையும் தனியாகத் திருப்பி அனுப்பக் கூடாது. ஒருவர் நின்றால் இரண்டு பேர் கூட நிற்க வேண்டும்.

5. கட்டுப்பாடு. மது கிடையாது. பாறை விளிம்பில் செல்ஃபி, ரீல்ஸ் கிடையாது. மீறினால் என்ன என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். எங்கள் குழுவில், 'மீறினால் அந்த இடத்திலேயே எல்லோரும் திரும்புவோம்' என்று வைத்தோம். இருபது பேரின் பயணத்தைக் கெடுத்தவன் என்ற பெயர் வாங்க யாரும் துணியவில்லை!

6. மாணவிகள். இதை நான் எழுதுவதைவிட, எங்கள் கூட்டத்தில் ஒரு தோழி சொன்னதை அப்படியே தருகிறேன்: 'எங்களுக்குன்னு தனியா சலுகை எதுவும் வேணாம். எத்தனை மணிக்குத் திரும்புவோம், யார் யார் வர்றாங்க, வழியில பாத்ரூம் எங்க இருக்கு, இந்த மூணை முன்னாடியே சொல்லுங்க. வீட்ல அதைத்தான் கேப்பாங்க.' அந்த மூன்றையும் எழுதிக் கொடுத்த பிறகு, 2 பேர் என்று இருந்த மாணவிகள் 6 பேர் ஆனார்கள்.

'ஊர்ல திருவிழா'

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

பொங்கல் விடுமுறைக்குப் பின் செஞ்சி போவது என்று முடிவானதும் ஒரு பட்டியல் தயாரானது. அதன் முதல் வரி: 'ஷூ கட்டாயம்.' மறுநாள் மூன்று பேர் பின்வாங்கினார்கள். ஒருவனுக்கு ஊரில் திருவிழா, ஒருவனுக்கு அக்கா வீட்டு விசேஷம், ஒருவனுக்குத் தலைவலி. மூன்று பேருமே எங்களைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். அந்த மாதத்தில் எந்த ஊரில் என்ன திருவிழா என்று எனக்குத் தெரியாதா? மூவரிடமும் ஷூ இல்லை என்பதுதான் விஷயம்.

எங்களுக்கு 'என்கிட்ட இல்ல' என்று சொல்ல வராது. 'முடியல' என்று சொல்ல வராது. 'வேலை இருக்கு' என்போம். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, தெரியாததைத் தெரிந்தது போலவும், இல்லாததை வேண்டாதது போலவும் காட்டிப் பழகிவிட்டோம். டிராஃப்டர் இல்லாதவன் 'எடுத்துட்டு வர மறந்துட்டேன் சார்' என்பான். வகுப்பில் இதனால் போவது ஒரு மதிப்பெண். மலையில் இதே பழக்கம் ஆளையே கொண்டுபோய்விடும். தலை சுற்றுகிறவன் 'ஒண்ணுமில்லடா, போலாம்' என்று சொல்லிக்கொண்டே ஏறுவான்.

ஆகவே பட்டியலைத் திருத்தினோம். 'ஷூ கட்டாயம்' என்பது 'காலை விட்டுக் கழலாத, பின்பக்கம் வார் உள்ள எதுவும் போதும்' என்று ஆனது. செஞ்சியின் கல்படிக்கு அது போதும். 'தலைக்குச் செலவு' என்று பொதுவாகச் சொல்லாமல், டவுன் பஸ் கட்டணம், கோட்டை டிக்கெட் இரண்டையும் தனித்தனியாக எழுதினோம். ஓட்டல் சாப்பாட்டை நீக்கி, அவரவர் வீட்டுக் கட்டுச்சோறு என்று வைத்தோம். என் அம்மா மல்லாட்டை உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். மூன்று பேருக்கும் திருவிழாவும் விசேஷமும் தலைவலியும் தீர்ந்துபோயின!

எதிர்பார்ப்பைச் சொல்வது என்றால் கண்டிப்பாகச் சொல்வது என்று சிலர் நினைக்கிறார்கள். பட்டியலில் ஒவ்வொரு வரியும் யாரையோ வெளியே நிறுத்துகிறது. சில வரிகள் அப்படி நிறுத்தத்தான் வேண்டும், குடித்துவிட்டு வருகிறவனை நிறுத்துவது போல. மற்ற வரிகளை, 'இது பாதுகாப்புக்குத் தேவையா, பந்தாவுக்குத் தேவையா?' என்று கேட்டுப் பார்த்து வடிகட்ட வேண்டும்.

கடைசியாக ஒரு வரி சேர்த்தோம்: 'யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் நிற்கலாம். கிண்டல் செய்பவன் இறங்கும்போது எல்லோருடைய குப்பையையும் சுமக்க வேண்டும்.' இதைப் படித்துக் காட்டியதோடு விடாமல், ஒவ்வொருவரும் தன் வாயால், தன் பேச்சில் சொல்ல வேண்டும் என்றோம். ஒருவன் 'முடியலன்னா உக்காந்துடுவேன்டா, அவ்ளோதானே' என்றான். அது போதும்.

அன்று மலையில்

19 பேர் போனோம். கல்யாண மகால், களஞ்சியம் எல்லாம் பார்த்துவிட்டு ராஜகிரி ஏறினோம். பாதிக்கு மேல் போனதும், எங்கள் குழுவிலேயே நன்றாகக் கபடி ஆடுகிறவன் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டான். 'மச்சான், கண்ணு இருட்டுது. நான் நிக்கறேன்' என்றான். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான். கடைசி ஆள் நான். முதலுதவிப் பை வைத்திருந்த தோழியும் நானும் அவனோடு நின்றோம். உருண்டையும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்தோம். மற்ற 16 பேர் மேலே போய், பாறைப் பிளவைத் தாண்டும் சிறு பாலத்தைக் கடந்து, ரங்கநாதர் கோயிலையும் உச்சியையும் பார்த்துவிட்டு, பேசி வைத்திருந்த நேரத்துக்குள் இறங்கி வந்தார்கள். நாங்கள் மூவரும் உச்சியைப் பார்க்கவில்லை. இன்று வரை நான் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது அவன் சொன்னான்: 'டேய், அன்னிக்கு எல்லாரும் வாயால சொன்னீங்க பாரு, அது இல்லாட்டி நான் சொல்லியிருக்கவே மாட்டேன்டா. கபடிக்காரன் உக்காந்தா மானம் போயிடாது?' யாரும் கிண்டல் செய்யவில்லை. குப்பையை எல்லோரும் பிரித்துத்தான் சுமந்தோம்.

நண்பர்களே!

அடுத்த ஆண்டு கல்வராயன் மலைக்குப் போகலாம் என்று பேச்சு நடக்கிறது. செஞ்சி, படிக்கட்டு உள்ள கோட்டை, வழி தவறாது. கல்வராயன் மலை காடும் ஓடையும் மலைவாழ் மக்களின் ஊர்களும் உள்ள பெரிய மலைத்தொடர். அங்கே அனுமதி வேண்டும், உள்ளூர் வழிகாட்டி வேண்டும், மழை பெய்தால் ஓடையைத் தாண்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒருவர் வேண்டும். ஆகவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள்: பெயர்ப் பட்டியல் எடுக்கும் முன்பு ஒரு மணி நேரம் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வராதவரைப் பயணத்தில் சேர்க்க வேண்டாம். வருகிறவர் கையில் ஷூ இருக்கிறதா என்று பார்க்காமல், வாயில் உண்மை இருக்கிறதா என்று பாருங்கள்.

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பாதிப்பேர் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகப்போகிறோம், மீதிப்பேர் ஏதாவது ஒரு சைட்டில் சாரத்தின் மேல் நிற்கப்போகிறோம். 'சார், இந்த மெஷின் எனக்கு ஓட்டத் தெரியாது', 'பெல்ட் இல்லாம மேல ஏற மாட்டேன்' என்று சொல்ல வேண்டிய நாள் நிச்சயம் வரும். அப்போது நம் தொண்டை அடைக்காமல் இருக்க வேண்டுமானால், நண்பர்களுக்கு நடுவிலேயே இப்போது சொல்லிப் பழகிக்கொள்வோம். கல்வராயன் மலைக்கான கூட்டத்தில் சந்திப்போம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்